கேஸ் கடைசி: செட்டிநாட்டு வெயிலில் பழைய காரின் ஏசியைச் சரிசெய்வதும் மேம்படுத்துவதும்

கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), கோயில் திருவிழா என்று ஊர் கூடும் நாட்களில் மட்டும் வெளியே வரும் அம்பாசிடர், பத்மினி, காண்டசா கார்கள் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளின் கொட்டகைகளில் இன்னும் நிற்கின்றன. அவற்றில் ஏசி குளிரவில்லை என்றால் உடனே வரும் பதில், “கேஸ் அடிச்சுட்டாப் போதும்” என்பதுதான். அடித்த கேஸ் சில நாள் குளிரும், பிறகு பழையபடி வெறுங்காற்று. கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி எரிந்து தீரும் பொருள் அல்ல, மூடிய குழாய்க்குள் சுற்றிவருவது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகியிருக்கிறது. ஒழுக்கு இல்லாமலே குளிரவில்லை என்றால் கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சருக்குக் காற்று போதவில்லை, அல்லது கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது உள்ளே நுழையும் வெப்பம் ஏசியின் திறனைத் தாண்டிவிட்டது. அதனால் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் வெப்பத்தை மறிப்பது, பிறகு எஞ்சினின் குளிர்ச்சி, மின்சாரம், கண்டென்சர் காற்று, கம்ப்ரசர், குழாய்கள். கேஸ் கடைசி.

இங்கே சொல்வதெல்லாம் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் உள்ள அம்பாசிடரை மனத்தில் வைத்து எழுதியது. பத்மினிக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம். 6 வோல்ட் மின்சாரம் உள்ள மிகப் பழைய கார்களுக்கு ஏசி வேண்டாம். அவற்றின் மதிப்பு அவற்றின் பழமையில்தான் இருக்கிறது.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைக் கடந்த கார், சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருந்தால் ‘விஏ’ எழுத்துகள் கொண்ட விண்டேஜ் பதிவெண்ணுக்குத் தகுதி பெறும். அந்த வயதை நெருங்கும் காரில் பாடியை வெட்டுவதும் வெல்டு வைப்பதும் கூடாது. ஏற்கெனவே இருக்கும் போல்ட் ஓட்டைகளில் பிராக்கெட்டைப் பொருத்துங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் சீட்டுக் கட்டிப் பெட்டியில் வையுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் என்னென்னவோ கிடைக்கும். ஆனால் உங்கள் காரின் டைனமோ பிராக்கெட்டை அங்கே தேடி அலையும் நிலை வரக்கூடாது.

பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் உள்ளே என்ன கேஸ் இருக்கிறது என்று தெரிய வேண்டும். கேஸ் ஏற்றும் வாய் கால் அங்குலத் திருகு மரையோடு இருந்தால் அது ஆர்-12 என்ற பழைய கேஸின் காலத்து அமைப்பு. அழுத்தினால் கவ்விக்கொள்ளும் வழவழப்பான வாய், லோ (குறைந்த அழுத்தப்) பக்கம் சிறிதாகவும் ஹை (கூடிய அழுத்தப்) பக்கம் பெரிதாகவும் இருந்தால், பின்னால் வந்த ஆர்-134ஏ. ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி ஆர்-12 உற்பத்தி 2010-க்குள் இந்தியாவிலும் நிறுத்தப்பட்டது. இன்று யாராவது ‘பழைய ஸ்டாக் ஆர்-12’ என்று கொடுத்தால் நம்பாதீர்கள். போலிக் கேஸில் குளோரோமீத்தேன் கலந்திருந்தால் அது கம்ப்ரசரின் அலுமினியத்தோடு வினைபுரிந்து வெடிக்கக்கூடியது. உங்கள் காரில் மீதமிருக்கும் ஆர்-12-ஐக் காற்றில் விடாமல், மீட்பு எந்திரம் உள்ள பட்டறையில் சிலிண்டருக்குள் எடுக்கச் சொல்லுங்கள்.

எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில் அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்துங்கள். நிழலில் வெப்பம் 35 டிகிரி என்றால், ஆர்-134ஏ இருக்கும் அமைப்பில் இரண்டு முள்ளும் சுமார் 115 பிஎஸ்ஐயில் நிற்கும். 30 டிகிரியில் 97. அதைவிட நன்றாகக் குறைந்திருந்தால் உள்ளே திரவமே இல்லை, ஒழுகிவிட்டது. ஆனால் 115 காட்டியதும் கேஸ் நிறைய இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு துளி திரவம் இருந்தாலும் அதே அழுத்தம்தான் வரும். நின்ற அழுத்தத்தை வைத்து அளவைச் சொல்ல முடியாது.

ஒழுக்கு பெரும்பாலும் தன் அடையாளத்தை விட்டுவைக்கும். கேஸோடு ஆயிலும் கசிவதால் அந்த இடத்தில் செம்மண் தூசி ஒட்டிப் பிசுக்காக இருக்கும். கம்ப்ரசரைப் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்சுக்கு நேர் மேலே பானட்டின் உட்புறம் ஒரு கோடாக ஆயில் தெறித்திருந்தால் ஷாஃப்ட் சீல் போய்விட்டது. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் கார்களில் முதலில் போவது இந்த சீல்தான். ஓடும்போது அதை நனைக்கும் ஆயில் வடிந்து இறங்க, சீல் உலர்ந்து சுருங்கிவிடுகிறது.

ஏசி ஓரளவு வேலை செய்தால் இன்னொரு சோதனை. எஞ்சினை 1500 ஆர்பிஎம்மில் வைத்து, கண்டென்சர்மேல் ஒரு குடம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஹை பக்க அழுத்தம் சட்டென இறங்கி உள்ளே குளிர் கூடினால், உங்கள் நோய் கேஸ் அல்ல, காற்று. செலவில்லாத இந்தச் சோதனை ஆயிரக்கணக்கான ரூபாயை மிச்சப்படுத்தும்.

வெப்பத்தை மறிப்பது

இதைச் செய்யாமல் எவ்வளவு பெரிய கம்ப்ரசர் வைத்தாலும் பயனில்லை. அம்பாசிடரின் கூரைத் தகடு கத்திரி வெயிலில் கையை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அதற்குக் கீழே இருப்பது மெல்லிய துணி மட்டுமே.

இரவில் ஒருவரைப் பிரகாசமான டார்ச்சோடு காருக்குள் உட்காரவைத்து எல்லாக் கதவையும் சாத்துங்கள். வெளியே நின்று பார்த்தால் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் வெந்த காற்று நுழையும் வழி. கதவு பீடிங், முன் கதவின் முக்கோண வென்டிலேட்டர் கண்ணாடியின் ரப்பர், பெடல்கள் நுழையும் ஓட்டை, ஸ்டீயரிங் கம்பியின் அடி, கியர் கம்பி, ஒயர் போகும் துளைகள் எல்லாவற்றையும் பாருங்கள். புது பீடிங்கில் ஒரு காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் இறுக்கத்தோடு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கதவு சரியாக உட்காரவில்லை.

எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலிலும் முன் தரையிலும் முதலில் 2 மி.மீ. பியூட்டைல் ஷீட், அதன்மேல் 10 மி.மீ. நைட்ரைல் ஃபோம். கூரைக்கு ஃபோம் மட்டும் போதும். பசை மட்டும் வெப்பம் தாங்கும் வகையாக இருக்கட்டும். மலிவான பசை ஒரே கோடையில் இளகி, கூரைத் துணியோடு சேர்ந்து தலைமேல் இறங்கிவிடும். தரையில் ஒட்டும் முன் துருவைச் சுரண்டி பிரைமர் அடிப்பது அவசியம். ஈரத்தின்மேல் ஒட்டினால் துருவை மூடிவைத்து வளர்த்ததாகிவிடும்.

எஞ்சினும் ரேடியேட்டரும்

கண்டென்சர் வந்ததும் ரேடியேட்டருக்குப் போகும் காற்று ஏற்கெனவே சூடான காற்றாகிவிடும். ஏசி இல்லாமலே முள் மேலே ஏறும் காரில் ஏசி போட்டால் மானகிரி தாண்டும் முன்பே கொதிக்கும். ரேடியேட்டரை வெறும் ராடு விட்டுக் குத்திச் சுத்தம் செய்வது போதாது, உள்ளேயுள்ள குழாய்த் தொகுதியை (கோர்) முழுதாக மாற்றுங்கள். மூன்று வரிசைக் குழாய் இருந்தால் இடம் பார்த்து நான்கு. ஃபேனைச் சுற்றித் தகட்டாலான ஷ்ரவுடு இல்லாவிட்டால் ஃபேன் ஒரே காற்றைத் திரும்பத் திரும்பச் சுழற்றும். ஷ்ரவுடு கட்டாயம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது ஊர் வழக்கம், ஆனால் அது தவறு. 82 டிகிரி தெர்மோஸ்டாட் இருந்தால்தான் எஞ்சினின் வெப்பம் சரியான அளவில் நிற்கும்.

போர் தண்ணீரை ஊற்றவே கூடாது. அதிலுள்ள உப்பு கோருக்குள் படியும். முற்றத்தில் பிடித்த மழைத்தண்ணீர்கூட அதைவிட மேல். சரியானது டிஸ்டில்ட் வாட்டரோடு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கூலன்ட்.

ஏசி பாகங்கள் பானட்டுக்குள் வெப்பத்தைக் கூட்டுவதால் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்து வண்டி நின்றுபோகும் தொல்லையும் கூடும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும். இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிட்டு, குழாயை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி, வெப்பம் தடுக்கும் உறையைச் சுற்றுங்கள்.

மின்சாரக் கணக்கு

பழைய லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் கொடுப்பதே 22 ஆம்பியர். தேவை எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள்: கம்ப்ரசர் கிளட்ச் 4, புளோயர் 10, கண்டென்சர் ஃபேன் 9, ஹெட்லைட் 10, இக்னிஷன் 4. மொத்தம் 37 ஆம்பியர், வைப்பரும் ஹாரனும் இன்னும் சேரவில்லை. மாப்பிள்ளை அழைப்பில் ஊர்ந்து போகும்போது டைனமோ ஏறக்குறைய எதுவும் தராது. 55 அல்லது 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

மிகப் பழைய கார்களில் பாடியோடு இணைந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. அப்படியே ஆல்டர்னேட்டரை மாட்டினால் அதன் டையோடுகள் ஒரே நொடியில் எரிந்துபோகும். நிரந்தரக் காந்த மோட்டார் உள்ள ஃபேன்கள் தலைகீழாகச் சுற்றும். முதலில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுங்கள்: பேட்டரி முனைகளை மாற்றி, இக்னிஷன் காயிலின் இரண்டு ஒயர்களையும் ஆம்மீட்டரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். பழைய ரேடியோ இருந்தால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 10 சதுர மி.மீ. ஒயர். இந்த மின்சாரம் டேஷ்போர்டு ஆம்மீட்டர் வழியாகப் போகக் கூடாது. 30 ஆம்பியர் அளவுக்குள் செய்யப்பட்ட அந்த மீட்டர் சூடாகி ஒயரிங்கே பற்றிக்கொள்ளும். ஆம்மீட்டரை அலங்காரமாக விட்டுவிட்டு ஒரு சின்ன வோல்ட்மீட்டரை மறைவாக வையுங்கள். ஃபேன், புளோயர் இரண்டுக்கும் தனித்தனி ரிலே, தனித்தனி ஃபியூஸ், 4 சதுர மி.மீ. ஒயர். டேஷ்போர்டு சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கட்டும். எர்த் ஒயரைப் பெயின்ட்மேல் திருகாமல், சுரண்டி வெறும் தகட்டில் திருகி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

கண்டென்சர்

இந்த வழிகாட்டியில் ஓர் இடத்தில் மட்டும் தாராளமாகச் செலவு செய்யலாம் என்றால் அது இங்கேதான். குழாய்-தகடு வகைப் பழைய கண்டென்சர் ஆர்-12-க்குப் பொருந்தியது. ஆர்-134ஏ அதே வெப்பத்தில் கூடுதல் அழுத்தத்தில் இயங்குவதால், தட்டையான நுண்குழாய்கள் கொண்ட பேரலல் ஃப்ளோ கண்டென்சர் வேண்டும். ரேடியேட்டரின் முகம் முழுவதையும் மூடும் அளவுக்கு, கிரில்லுக்குப் பின்னால் கொள்ளும் மிகப் பெரியதை எடுங்கள். ரேடியேட்டருக்கும் அதற்கும் நடுவில் 15 முதல் 25 மி.மீ. இடைவெளி. சூடான கேஸ் மேலே நுழைந்து திரவம் கீழே வெளியேற வேண்டும், தலைகீழாக மாட்டினால் திரவம் தேங்கிவிடும். நான்கு ஓரத்து இடுக்குகளையும் ஃபோம் பட்டையால் அடையுங்கள். அடைக்காவிட்டால் வண்டி நிற்கும்போது எஞ்சின் அறையின் வெந்த காற்று சுற்றிவந்து மறுபடி முன்னால் நுழையும். சாலையில் நன்றாகக் குளிர்ந்து சிக்னலில் மட்டும் சூடாகும் கார்களில் பெரும்பாலும் இதுதான் குறை.

12 அங்குல ஃபேனை முன்னாலிருந்து தள்ளுவதைவிடப் பின்னாலிருந்து இழுக்கும்படி வைப்பது நல்லது. அம்பாசிடரில் எஞ்சின் ஃபேன் அந்த இடத்தை எடுத்துக்கொண்டால், முன்னால் வைத்து கம்ப்ரசர் கிளட்சோடு சேர்ந்தே ஓடும்படி ஒயர் கொடுங்கள். அழுத்தம் கூடிய பிறகு ஃபேன் ஓடட்டும் என்று காத்திருப்பது வேகமாகப் போகும் காருக்குச் சரி. ஊர்வலத்தில் நகரும் காருக்கு முதல் நொடியிலிருந்தே காற்று வேண்டும். கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையருக்கு அருகே பிரஷர் சுவிட்ச் கட்டாயம்: சுமார் 30 பிஎஸ்ஐக்குக் கீழேயும் 400-ஐ ஒட்டியும் கிளட்சைத் துண்டிக்கும் வகை.

செம்மண் தூசி தகடுகளுக்கிடையே களிம்பாகப் படியும். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, தோட்டத்துக் குழாயின் சாதாரண வேகத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னை அருகில் கொண்டுபோனால் தகடுகள் மடங்கி, காற்றே போகாத சுவராகிவிடும்.

கம்ப்ரசரும் பிராக்கெட்டும்

பழைய இரட்டை சிலிண்டர் யார்க் வகைக் கம்ப்ரசர் கனமானது, அதிர்வு அதிகம், எஞ்சினையும் இழுக்கும். அதை மாற்றி 138 சிசி சாண்டன் 508 வகை வைப்பது அம்பாசிடருக்குப் பொருத்தம். 1089 சிசி பத்மினிக்கு 90 முதல் 110 சிசிக்குள் இருக்கும் சிறிய கம்ப்ரசர் போதும். பெரியதை வைத்தால் திருமயம் ஏற்றத்தில் ஒவ்வொரு முறையும் ஏசியை அணைக்க வேண்டிவரும்.

அம்பாசிடர் எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். கம்ப்ரசரும் குழாய்களும் அதற்கு எதிர்ப்பக்கம், ஆல்டர்னேட்டர் இருக்கும் பக்கம் வரட்டும். பிராக்கெட் 8 முதல் 10 மி.மீ. தகடு. மூலைகளில் முக்கோண முட்டு இல்லாமல் வெல்டு மட்டும் வைத்தால் சில மாதத்தில் விரிசல் விடும். கம்ப்ரசரைப் பக்கவாட்டில் 90 டிகிரி வரை சாய்க்கலாம், ஆனால் தலைகீழாகக் கூடாது. கிராங்க் புல்லியோடு ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நேர்க்கோல் வைத்துப் பாருங்கள். 1.5 மி.மீக்கு மேல் விலகினால் பெல்ட் ஓரம் தேய்ந்து பிய்யும். இரண்டு புல்லிக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் 10 முதல் 12 மி.மீ. இறங்க வேண்டும். புது பெல்ட்டை ஒரு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி இறுக்குங்கள்.

புல்லிக் கணக்கு: கிராங்க் புல்லி கம்ப்ரசர் புல்லியைவிடக் கால் பங்கு பெரிதானால், எஞ்சின் 850-இல் கம்ப்ரசர் ஏறக்குறைய 1060, எஞ்சின் 4500-இல் 5600. தொடர்ந்து 6000-ஐத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பு.

கிளட்சின் முகத்துக்கும் புல்லிக்கும் இடைவெளி 0.4 முதல் 0.8 மி.மீ. இதைவிடக் கூடினால், குளிர்ந்த காலையில் ஒட்டும் கிளட்ச் பிற்பகல் சூட்டில் ஒட்டாது. பலர் அதையும் கேஸ் குறைவு என்றே நினைத்துவிடுகிறார்கள். கிளட்ச் காயிலின் மின்தடை 3 முதல் 4 ஓம்.

ஏசி போட்டதும் எஞ்சின் திணறி அணைந்தால், ஐடிலை நிரந்தரமாக ஏற்றிவைக்காதீர்கள். மேனிஃபோல்டு வேக்குவத்தில் இயங்கும் டயாஃப்ரமும் சோலினாய்டு வால்வும் சேர்ந்த ஐடில்-அப் அமைப்பை கிளட்ச் ஒயரோடு இணையுங்கள். ஏசி ஓடும்போது மட்டும் 850 முதல் 900-க்கு ஏறட்டும்.

கூலிங் காயில், வால்வு, குழாய்கள்

டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் பழைய யூனிட்டின் உறை அழகாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு உள்ளேயுள்ள காயிலை மட்டும் மாற்றலாம். காயிலுக்குள் திரவத்தை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு ஆர்-134ஏ-க்கு உரியதாக இருக்க வேண்டும். அதன் உணர்குமிழைக் காயிலிலிருந்து வெளியேறும் குழாயில், சுரண்டிப் பளபளப்பாக்கிய இடத்தில் இறுக்கிக் கட்டி, கார்க் டேப் சுற்றுங்கள். குமிழ் தளர்ந்திருந்தால் வால்வு குழாயின் குளிரை உணராமல் அதிகமாகத் திறந்து, கம்ப்ரசருக்குள் திரவம் பாயும். ஏசி தெர்மோஸ்டாட்டின் (எஞ்சினுடையது வேறு) மெல்லிய குழாய் காயிலின் தகடுகளுக்குள் செருகியிருக்க வேண்டும், 1 முதல் 3 டிகிரிக்குள் துண்டிக்கும்படி.

வடிகால் குழாயை யாரும் மதிப்பதில்லை. 12 மி.மீ. குழாய், எங்கும் மேல்நோக்கி வளையாமல் வெளியே சரிய வேண்டும். குளவி கூடு கட்டி அடைத்தால் தண்ணீர் கார்பெட்டுக்குள் இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாமல் தரைத் தகடு அரித்துப்போகும். நுனியில் வாத்து அலகு போன்ற ரப்பர் மூடியைப் போடுங்கள்.

ஹோஸ்கள் பேரியர் வகையாக இருக்க வேண்டும். ஆர்-134ஏ மூலக்கூறு சிறியது, பழைய ரப்பர் சுவர் வழியாகவே கசியும். திரவக் குழாய் 6-ஆம் நம்பர், கம்ப்ரசரிலிருந்து கண்டென்சருக்கு 8, கம்ப்ரசருக்குத் திரும்புவது 10. ஃபிட்டிங்குகளைக் காரிலேயே பொருத்தி, திரும்பும் திசையை மார்க்கரால் கோடு போட்டபின் கிரிம்ப் செய்ய (ஹோஸோடு அழுத்திப் பூட்ட) கொடுங்கள். கிரிம்ப் ஆன பிறகு அரை அங்குலம் திருக முடியாது. ஓ-ரிங்குகள் ஆர்-134ஏ-க்குரிய எச்என்பிஆர் வகை, பெரும்பாலும் பச்சை நிறம். மினரல் ஆயில் தொட்டு மாட்டுங்கள். எப்போதும் இரண்டு ஸ்பானர்: ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒற்றை ஸ்பானரால் திருப்பினால் அலுமினியக் குழாய் முறுகிவிடும்.

செம்புக் குழாயையும் அலுமினியத்தையும் நேராகத் தொடவைக்காதீர்கள். ஈரம் பட்டால் இரண்டு உலோகமும் ஒரு மின்கலமாகி அலுமினியம் அரிக்கும். அரிமானத்தை ஆராயும் சிக்ரி ஆய்வுக்கூடம் இருக்கும் காரைக்குடியில் இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை.

பழைய பாகங்களை வைத்துக்கொண்டால் அதற்குரிய ஃப்ளஷ் திரவத்தால் கழுவி நைட்ரஜனால் உலர்த்துங்கள். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கூடாது. கம்ப்ரசர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றையும் கழுவக் கூடாது. பழைய கம்ப்ரசர் உள்ளே தேய்ந்து உலோகத் துகள் பரவியிருந்தால் பேரலல் ஃப்ளோ கண்டென்சரைக் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

ஆயில்

ஆர்-12 காலத்து மினரல் ஆயில் ஆர்-134ஏ-யில் கலக்காது. கேஸோடு சுற்றிவராமல் காயிலில் தங்கிவிட, கம்ப்ரசர் வறண்டு இறுகும். முழுதும் புதிய அமைப்புக்குக் கம்ப்ரசரின் தகட்டில் சொன்ன பிஏஜி ஆயில். பழைய பாகங்களில் மினரல் ஆயிலின் மிச்சம் இருக்குமானால் எஸ்டர் ஆயில். புதுக் கம்ப்ரசரில் ஏற்கெனவே ஆயில் இருக்கிறதா என்று வடித்து அளந்து பாருங்கள். முழு அமைப்புக்கும் போதுமான ஆயிலோடு வந்திருந்தால் மேலே சேர்க்க வேண்டாம். தனிப் பாகம் மாற்றும்போது கண்டென்சருக்குச் சுமார் 30 மில்லி, காயிலுக்கு 40 முதல் 60, டிரையருக்கு 15 முதல் 30. ஆயில் கூடினாலும் குளிர் குறையும், அது காயிலின் உட்சுவரில் போர்வையாகப் படிந்துவிடும். பிஏஜி டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

நைட்ரஜன் சோதனையும் வேக்குவமும்

டிரையரைத் தவிர எல்லாவற்றையும் மாட்டியபின், அதன் இடத்தில் ஒரு தற்காலிக இணைப்பு வைத்து, ரெகுலேட்டர் வழியாக நைட்ரஜனை 10 பார் வரை ஏற்றுங்கள். வெல்டிங் பட்டறையில் கிடைக்கிறதே என்று ஆக்சிஜனை ஏற்றினால் உள்ளே இருக்கும் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். இதில் சமாதானமே கிடையாது. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புநீர் தடவிப் பார்த்தபின் இரவு முழுதும் விடுங்கள். மாலை 36 டிகிரியில் 10 பார் இருந்தால், விடியற்காலை 28 டிகிரியில் 9.7 காட்டுவது இயல்பு. அதற்கும் கீழே போனால் ஒழுக்கு.

நைட்ரஜனை விட்டபின் டிரையர். ஆர்-134ஏ-க்குரிய உலர்த்தி உள்ள புதியதாக இருக்க வேண்டும். மூடியைக் கழற்றுவது கடைசி நிமிடத்தில். ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் திறந்து வைத்த டிரையர் மாட்டும் முன்பே ஈரத்தைக் குடித்து முடித்துவிடும்.

இரண்டு-கட்ட வேக்குவம் பம்பால் 45 முதல் 60 நிமிடம் இழுங்கள். சாதாரண கேஜின் முள் அடியில் நிற்பது போதாது. வேக்குவத்தை நுட்பமாக அளக்கும் மைக்ரான் கேஜில் 500-க்குக் கீழே வர வேண்டும். பம்பை மூடி 15 நிமிடம் பாருங்கள். 1000-க்குள் நின்றால் சரி. ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் ஈரம், இன்னும் இழுக்க வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஒழுக்கு.

இப்போது கேஸ்

எடைத் தராசு இல்லாமல் கேஸ் ஏற்றுபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பழைய தகட்டில் ஆர்-12 எடை இருந்தால் அதில் 80 முதல் 85 சதவீதம் ஆர்-134ஏ. தகடு இல்லையென்றால் 400 கிராமில் தொடங்கி 50, 50 கிராமாகக் கூட்டுங்கள். கேஜின் உள்வட்டம் அந்த அழுத்தத்துக்குரிய வெப்பத்தைக் காட்டும். கண்டென்சரிலிருந்து வெளியேறும் குழாய் அதைவிட 5 முதல் 8 டிகிரி குறைவாக வந்ததும் நிறுத்துங்கள். டிரையர் கண்ணாடியில் குமிழி மறையும்வரை ஏற்றும் பழைய பழக்கம் ஆர்-134ஏ-யில் அளவை மீற வைக்கும்.

எஞ்சின் ஓடாதபோது ஹை பக்கம் திரவமாக விடலாம். அப்படி விட்டபின் கம்ப்ரசரைக் கையால் பத்துமுறை சுற்றிவிட்டே ஸ்டார்ட் செய்ய வேண்டும். எஞ்சின் ஓடும்போது லோ பக்கம் மட்டும், ஆவியாக மட்டும். ஓடும்போது ஹை பக்க வால்வைத் திறந்தால் அந்த அழுத்தம் கேஸ் சிலிண்டருக்குள் போய் அதை உடைக்கும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்பிஜி கலந்த மலிவுக் கேஸை வேண்டவே வேண்டாம். நன்றாகக் குளிரும்தான், ஆனால் காயில் இருப்பது உங்கள் முழங்காலுக்கு முன்னால். ஒரு கசிவும் ஒரு தீப்பொறியும் போதும். ஆர்-22-உம் கூடாது. கண்டென்சர் 55 டிகிரியில் இருக்கும்போது ஆர்-134ஏ-க்கு 200 பிஎஸ்ஐ என்றால் ஆர்-22-க்கு ஏறக்குறைய 300.

அளவைப் பார்ப்பது மார்கழியில் அல்ல, பகல் பன்னிரண்டுக்கு மேல். 35 டிகிரியில், 1500 ஆர்பிஎம், கதவுகள் திறந்து, புளோயர் முழு வேகத்தில் இருக்க, லோ 30 முதல் 40, ஹை 200 முதல் 240 சரியான அளவு. இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கேஸ் கூடுதல், அல்லது கண்டென்சரில் காற்று போதவில்லை, அல்லது வேக்குவம் சரியாக இழுக்கவில்லை. லோ அதிகமாகவும் ஹை குறைவாகவும் வந்தால் கம்ப்ரசரின் உள்வால்வு. லோ வேக்குவத்துக்கே இறங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு.

இருபது நிமிடம் குளிர்ந்து, நின்று, அணைத்து வைத்தபின் மறுபடி குளிர்ந்தால் எங்கோ பனி கட்டுகிறது. அப்போது வெளிவரும் காற்றின் வேகம் குறைந்திருந்தால் காயிலின்மேல் பனி; தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். வேகம் குறையாமல் சூடான காற்று வந்து, லோ முள் வேக்குவத்தில் இருந்தால் வால்வுக்குள் ஈரம் உறைகிறது. டிரையரை மாற்றி, வேக்குவத்தை முதலிலிருந்து இழுக்க வேண்டும்.

38 டிகிரி வெயிலில் 50 கி.மீ. வேகத்தில் கால் மணி நேரம் ஓட்டியபின் துவாரத்தில் 8 முதல் 12 டிகிரி வந்தால் இந்தக் கார்களுக்கு அது அருமையான வேலை. வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி இரண்டு நிமிடம் வெந்த காற்றை வெளியேற்றியபின் ஏசியைப் போடுங்கள்.

காரை நிறுத்தி வைக்கும்போது

வீட்டில் யாரும் இல்லாத மாதங்களிலும் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ஷாஃப்ட் சீல் நனைந்திருக்க இது ஒன்றே வழி. கொட்டகைக் கதவுகளைத் திறந்து வைத்து ஓட்டச் சொல்லுங்கள், புகை உள்ளே தேங்கக் கூடாது. எலியும் அணிலும் புது ஃபோமையும் ஒயரையும் விரும்பிக் கடிக்கும். புளோயரின் காற்று நுழையும் வாயில் 6 மி.மீ. கம்பிவலையைப் பொருத்துங்கள். ஒவ்வொரு பங்குனியிலும், வெயில் ஏறும் முன், கண்டென்சரைக் கழுவி, பெல்ட்டைப் பார்த்து, ஆறிய எஞ்சினில் நின்ற அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பானட்டின் உட்புறம் அழியாத ஒரு சீட்டு ஒட்டுங்கள்: கேஸின் பெயர், எத்தனை கிராம், ஆயிலின் வகையும் மில்லியும், பெல்ட்டின் நம்பர், வேலை முடிந்த தேதி. அடுத்து பானட்டைத் திறக்கும் மெக்கானிக் மதுரையில் இருப்பவரானாலும் திருச்சியில் இருப்பவரானாலும், ஆர்-134ஏ-யோடு வேறொரு கேஸைக் கலந்துவிடாமல் அந்தச் சீட்டு தடுக்கும்.